விட்டுக்கொடுத்த பாகம்

அப்பா விட்டுப்போன மந்தைவெளி வீட்டைப் பாகம் பிரிக்க, சர்ச் போதகரும் வந்திருந்தார்.

"எபனேசர், முன்பக்கமோ பின்பக்கமோ, உனக்குப் பிடிச்சத முதல்ல எடுத்துக்கடா. மிச்சம் எனக்குப் போதும்" என்றார் அண்ணன் ஞானசிகாமணி.

தம்பி யோசிக்கவே இல்லை. ரோட்டைப் பார்த்த முன்பக்கத்தைக் கேட்டான்.

"பைபிள்ல, நல்ல நிலத்த லோத்துக்கு விட்டுக்கொடுத்த ஆபிரகாமேதான் நீங்க!" போதகருக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லோரும் போனதும் ஞானசிகாமணியின் மனைவி ஜெபமணி சொன்னாள்: "பெரிய மனசுங்க உங்களுக்கு."

"மனசாவது! முந்திக்கிட்டு நல்ல பக்கத்த எடுத்த லோத்தோட ஊரே தீயில போச்சு. மிச்சத்த எடுத்த ஆபிரகாமுக்குத்தான் அத்தனை ஆசீர்வாதமும். தெரிஞ்சுதான் விட்டேன்."

ஜெபமணி காலி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ஆபிரகாமுக்கு அப்போ அது தெரியாதுங்க."