பச்சைக் கூலன்ட்

"தண்ணி போதும் தம்பி. குழாய்த் தண்ணிய ஊத்துங்க, நாங்க போறம்."

முகைதீன்பாவா இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நிந்தவூர் பிரதான வீதியில், றாஸிக்கின் கராஜ் முன்னால் அவருடைய வேன் முன்மூடியைத் திறந்தபடி நின்றது. கல்முனையிலிருந்து புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கிவிட்டது.

வேனுக்குள் சொந்தபந்தம் எல்லாம் புழுங்கிக்கொண்டிருந்தது. மகள் றுஸ்தாவுக்கு மாப்பிள்ளை கேட்டுப் பொத்துவிலுக்குப் போகிறார்கள். அதே மாப்பிள்ளையைக் கேட்டு இன்னொரு வீட்டாரும் பின்னேரம் வருகிறார்களாம். பகல் சாப்பாட்டுக்கு முன்பே போய் இறங்காவிட்டால் காரியம் கெட்டது.

"வெறும் தண்ணி ஊத்தினா அக்கரைப்பற்று தாண்டமாட்டீங்க காக்கா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் றாஸிக். "கூலன்டுல கிளைக்கோல் எண்டு ஒரு சாமான் இருக்கு. லேசுல கொதிக்க விடாது, துருவும் பிடிக்காது."

"அது பனி கொட்டுற நாட்டுல தண்ணி உறையாம இருக்க ஊத்துறதெல்லோ? நிந்தவூருல எங்க பனி?"

"அங்க உறைய விடாது, இஞ்ச கொதிக்க விடாது. விசயம் தெரிஞ்சவரு போலக் கதைக்கிறீங்க. என்ன தொழில் காக்கா?"

"சும்மா... சின்ன வியாபாரம்."

முன் ஆசனத்திலிருந்து அவர் மனைவி நாச்சியா இறங்கி வந்தாள். அவள் இறங்கினால் விசயம் முற்றிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"இஞ்சாருங்க, மகள்ட கலியாணக் காரியத்துலயும் கஞ்சத்தனமா? ஊத்துங்க தம்பி, காசு நான் தாறன்."

றாஸிக் பச்சை நிறக் கூலன்ட் போத்தலைத் திறந்து சரித்தான். முகைதீன்பாவா பாய்ந்து ரேடியேட்டரின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். சூடு சுரீரென்று ஏறியது. மனுசன் பல்லைக் கடித்தாரே தவிர கையை எடுக்கவில்லை.

றாஸிக்குக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ட சாமான் போலி எண்டா நினைக்கிறீங்க? கொழும்பு ஏஜன்ட் பஸ்ஸுல அனுப்புற சாமான் இது. ஆளக் கண்டதில்ல, வாட்ஸ்அப்புலதான் ஓடர். ஆனா ஸலாம் சொல்லாம ஒரு மெசேஜ் போடமாட்டாரு, அவ்வளவு நல்ல மனுசன். ராத்தா, ஒறிஜினலா இல்லையா எண்டு நீங்களே அவர்ட்ட கேளுங்க."

அவன் இலக்கத்தை அழுத்தி, போனை நாச்சியாவிடம் நீட்டினான்.

முகைதீன்பாவாவின் கை ரேடியேட்டரை விட்டுத் தானாக விலகியது.

"வேணாம் தம்பி, வேணாம்! ஒறிஜினல்தான், பாத்தாலே தெரியுது. ஊத்துங்க, ஊத்துங்க, நேரமாகுது!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய சட்டைப் பைக்குள் போன் அலறத் தொடங்கியது.

நாச்சியா காதில் வைத்த போனைக் கீழே இறக்கிப் புருசனின் பையைப் பார்த்தாள்.

"அப்ப, நம்மட உப்புக் கிணத்தடியில வாளியெல்லாம் பச்சையாக் கிடந்தது இதுக்குத்தானா?"