பின்னாலேயே வந்த பஸ்

பஸ் முந்தவில்லை. சுகுணாவைப் பயமுறுத்தியது அதுதான்.

மற்ற நாளென்றால் இந்தத் தீவு ரோட்டில் ஹாரனை அலறவிட்டு, சைக்கிள் கைப்பிடியை உரசாத குறையாகப் பறக்கிற பஸ் அது. இன்றைக்கு என்ன கேடோ, சௌல்தாரி ஸ்டாப் தாண்டியதிலிருந்து அவளுக்குப் பின்னாலேயே ஆமை மாதிரி ஊர்ந்து வருகிறது. ஹாரன் சத்தம்கூட இல்லை.

"கொல்றதுன்னா கொன்னுட்டுப் போயேன்டா. ஏன்டா இப்படிப் பின்னாடியே வந்து உயிரை வாங்குற?" என்று வாய்க்குள்ளேயே புலம்பினாள். கால் மட்டும் நிற்காமல் மிதித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் நேற்று விட்ட வாயால் வந்த வினை. சிப்பிகாட் வளைவில் இதே பஸ் அவளை ஓரம்கட்டியதில், சைக்கிளோடு சரிந்துபோனாள். ரோட்டை ஒட்டிய தண்ணீர்க் கரையில் 'முதலை இருக்கிறது, ஜாக்கிரதை' என்று ஒரு பலகை நட்டு வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றாள். பலகை இல்லாவிட்டால் நேரே முதலை வாய்தான்.

பயம் போய் ஆத்திரம் வந்துவிட்டது அவளுக்கு. அடுத்த ஸ்டாப்பில் ஆள் ஏற்ற நின்றிருந்த பஸ்ஸை விரட்டிப் பிடித்து, டிரைவர் ஜம்புலிங்கத்தின் ஜன்னலுக்குக் கீழே நின்று படபடவென்று பொரிந்து தள்ளினாள்.

"மனுஷன்தானே நீ? ஆளைக் கொல்லவா பஸ் ஓட்டுற? நாளைக்கும் இதே ரோட்டுலதான வருவ? அப்ப வச்சுக்கறேன் உன்னை!"

சொல்லிவிட்டாள். என்னத்தை வைத்துக்கொள்வது? அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் கிச்சடி கிண்டிப் போடுகிற ஆயாம்மா அவள். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

"ஒரு நாலு நாள் லீவு போடு. அவனுங்களோட உனக்கு என்ன வம்பு?" என்றான் புருஷன் உதயசூரியன்.

"லீவு போட்டா வேற ஆளை வச்சிருவாங்க. அப்புறம் நான் வீட்டுலயே குந்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

"அப்ப பஸ்ஸுல போ."

"அந்த நேரத்துக்குப் படியிலகூட இடம் கிடைக்காது. பேச வந்துட்டீங்க!"

 காலையில் அவன், கப்பல் நிற்கிற ஜெட்டியில் வேலைக்குத் தான் போட்டுக்கொள்ளும் மஞ்சள் ஜாக்கெட்டை அவளுக்கு மாட்டிவிட்டு, ஹெல்மெட்டையும் தலையில் கவிழ்த்தான். "இருட்டுல தெரியல, மழையில தெரியலன்னு எவனும் சாக்கு சொல்லக்கூடாது" என்றான். 

இப்போது அவள் வேகமாக மிதித்தால் பஸ்ஸும் வேகமாக வந்தது. மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. ஓரமாக ஒதுங்கிக் கையைக் காட்டி, "போ, போ" என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். பஸ் நின்றதே தவிர, போகவில்லை.

உள்ளே யாரோ, "அரே பாய், ஜல்தி சலோ! ஆபீசுக்கு லேட் ஆகுது!" என்று கத்தினார்கள். "சுப்! பேசாம உக்காருங்க" என்று கண்டக்டர் அடக்குவது அவள் காதில் விழுந்தது. கண்டக்டரும் கூட்டுத்தான் என்று நினைத்ததும் இன்னும் வேகமாக மிதித்தாள்.

நேற்று விழுந்த வளைவு வந்தது. சனியன், அந்த இடத்தில்தானா செயின் கழல வேண்டும்? பெடல் வெறுமனே சுற்றியது. சுகுணா இறங்கி நின்றாள். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் பஸ். முன்னும் பின்னும் வேறு ஒரு வண்டி கிடையாது.

பஸ் இன்ஜின் அணைந்தது. கதவு திறந்தது. ஜம்புலிங்கம் இறங்கி அவளை நோக்கி வந்தான். மீசையும் உடம்புமாக ஆள் கதவு உயரம் இருந்தான்.

"கிட்ட வராத! கத்திருவேன்!" என்றாள். கத்தல் எங்கே வந்தது, காற்றுதான் வந்தது. காற்றடிக்கும் பம்ப்பை உருவிக் கையில் பிடித்துக்கொண்டாள்.  'முருகா, என் புருஷனுக்கு யாராவது போன் பண்ணிச் சொல்லட்டும்' என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேடம்..."

கண்ணைத் திறந்தாள். ஜம்புலிங்கம் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான். 

"நேத்து நடந்ததுக்கு மாஃப் கரோ மேடம், மன்னிச்சிருங்க. நீங்க யாருன்னு தெரியாமப் பண்ணிட்டேன்."

"நான்... யாரு?"

"மறைக்காதீங்க மேடம். மெயின்லேண்ட்லேர்ந்து புதுசா வந்திருக்கிற டிரான்ஸ்போர்ட் ஆபீசர், மஞ்ச ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கிட்டு சைக்கிள்லயே சுத்தி டிரைவருங்களைப் பிடிக்கிறாங்களாம். பஸ் ஸ்டாண்டு பூரா இதே பேச்சுதான். நேத்து நீங்க அதட்டுனப்பவே சந்தேகப்பட்டேன். இன்னிக்கு ஜாக்கெட்டைப் பார்த்ததும் உசுரே போயிடுச்சு. உங்களை முந்துறதுக்கே பயமா இருக்கு மேடம். என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க."

பஸ் ஜன்னல் பூராவும் தலைகள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

'ஐயோ அண்ணே, நான் ஆபீசரும் இல்லை, ஒண்ணும் இல்லை' என்கிற வார்த்தை சுகுணாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும்? நாளைக் காலையில் இதே வளைவு, இதே ஜம்புலிங்கம். ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டாள்.  பிறகு குரலைக் கனமாக்கிக்கொண்டு சொன்னாள்:

"லைசென்ஸை எடு!"