பையைப் பார்த்துக்கிடுங்க

"குரங்கு பையத் தூக்கிட்டுப் போகுது. எல்லாரும் வெளிய வந்து அவங்கவங்க பையப் பாத்துக்கிடுங்க," என்று மைக் மறுபடியும் அலறியது.

அருவிக்குக் கீழே நின்றவர்களில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

போன சாரல் சீசனில் வெள்ளச் சைரன் அடித்தும் குற்றாலத்துக்கு வந்த ஜனம் ஓடவில்லை. செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தது. யாரோ 'குரங்கு, பை' என்று கத்தியதும்தான் அருவியே காலியானது. உயிரைவிடப் பை பெரிசு. மேலிடத்தில் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளத்துக்கும் குரங்கு, சும்மா கூட்டத்தைக் கலைக்கவும் குரங்கு. இப்போது அந்த அறிவிப்பைக் குரங்குகளே நம்புவதில்லை.

"ஏங்க, வெளிய வாங்க. தண்ணி கலங்கி வருது," என்று கரையில் பையோடு நின்ற உமா மகேஸ்வரி கத்தினாள்.

கணவர் ஞானசம்பந்தம் ஆய்க்குடியில் நாலு தெருவுக்கு நியாயம் சொல்கிறவர். பெண்டாட்டி சொல் மட்டும் காதில் ஏறாது.

"குரங்கா? இங்கன அனுப்பு, அதுக்கும் முதுகு தேய்ச்சு விடுதேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியபோது அருவியின் சத்தம் மாறியிருந்தது. கொட்டியது போய், உறுமியது. தண்ணீர் காப்பி நிறமாகியிருந்தது. மேலிருந்து ஒரு கல் அவர் தோளை ஒட்டி விழுந்து தெறித்தது. அவரோ கண்ணை மூடித் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மலையில பேய்மழை. இது நெசம், வாங்க," என்று கெஞ்சினார் காவலுக்கு நின்ற ஆதித்தன்.

"தெனமும் இதத்தானய்யா சொல்லுதிய."

உமா கரையோரப் பழக்கடைப் பக்கம் திரும்பினாள். கூரைத் தகரத்தில் ஒரு கிழட்டுக் குரங்கு உட்கார்ந்திருந்தது.

சற்று நேரத்தில் அவள் போட்ட கூப்பாடு அருவியையும் மீறியது.

"ஏங்க, பை போச்சு. கார் சாவி உள்ள இருக்கு."

ஞானசம்பந்தம் கண்ணைத் திறந்தார். தகரத்தின்மேல் நிஜமாகவே குரங்கு. அதன் கையில் நிஜமாகவே அவருடைய சிவப்புப் பை. ஈர வேட்டியோடு பாய்ந்து வந்தார். அவர் ஓடியதைப் பார்த்து, தங்கள் பைகளை நினைத்து மற்றவர்களும் ஓடினார்கள்.

கடைசி ஆள் படியேறியதும் மலை வெடித்த மாதிரி ஒரு சத்தம். மரமும் பாறையும் சேறுமாக, ஞானசம்பந்தம் நின்றிருந்த இடத்தில் விழுந்தது வெள்ளம்.

பல்லெல்லாம் தந்தியடிக்க நின்ற ஞானசம்பந்தத்துக்கு வாய் மட்டும் அடங்கவில்லை. "ஒரு பையப் பாத்துக்கிடத் துப்பிருக்கா உனக்கு?" என்று சொல்லிவிட்டுக் குரங்கை விரட்டப் போனார்.

ஆதித்தன் மெல்ல உமாவிடம் வந்தார்.

"பையில பழத்தப் போட்டு நீங்களே குரங்குகிட்ட நீட்டுனத நான் பாத்தேன்க்கா. நல்ல யோசனை. மேலிடத்துல சொல்லுதேன், நாளையிலேருந்து தெனமும் நாங்களே இப்படிச் செஞ்சிருதோம்."

கார் சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டிருந்த உமா, "தெனமுமா? அப்ப நெசமா வெள்ளம் வர்ற அன்னைக்கு யாரு ஓடுவா?" என்றாள்.