அப்பா கட்டின குதிரை

அப்பா கட்டின குதிரை ஜெயிச்சதா சரித்திரமே கிடையாது.

அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிற வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா ரேஸ் பேப்பரைத் தரையில விரிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவார். ஒவ்வொரு குதிரையும் இதுவரைக்கும் ஓடின ஓட்டத்தை அலசுவார். அதுக்கு 'ஃபார்ம் பார்க்கிறது'ன்னு பேராம்.

"பாப்பா, இந்த அஞ்சாம் நம்பரைப் பாரு. போன ஓட்டத்துல நாலாவது, அதுக்கு முந்தி ஆறாவது. ஊரே இதை மட்டம்னு சொல்லும். ஆனா அது முதுகுல எவ்வளவு எடை ஏத்தியிருந்தான் பார்த்தியா? இந்த வாரம் எடையைக் குறைச்சிருக்கான். தூரமும் அதுக்குத் தோதான தூரம். நாளைக்குப் பாரு வேடிக்கையை!"

வேடிக்கையை மறுநாள் அம்மாதான் பார்ப்பா.

"என்ன ஆச்சு உங்க அஞ்சாம் நம்பர்?"

"அது நல்லாத்தான் ஓடுச்சு. அதுக்கு முன்னாடி நாலு குதிரை போயிடுச்சு."

அம்மா தலையில அடிச்சுக்குவா.

பார்த்துப் பார்த்து அம்மா ஒரு சட்டமே போட்டுட்டா. அப்பா எதைச் சொன்னாலும் அதுக்கு நேர்மாறாத்தான் செய்யணும். அவர் மழை வரும்னா இவ துணியைக் காயப் போடுவா. அவர் ஒரு வீட்டைப் பிரமாதம்னா, இவ எதிர்வீட்டை வாடகைக்குப் பேசிட்டு வருவா. சொல்லி வச்ச மாதிரி அம்மா செஞ்சதுதான் சரியா இருக்கும்.

இப்படிப்பட்ட வீட்டுலதான் என் கல்யாணப் பேச்சு வந்தது.

அத்தை ஒரு வரன் கொண்டு வந்தாங்க. பெரிய கம்பெனியில அதிகாரி, சொந்த வீடு, கார். எனக்கோ அப்பா கடைக்குப் பக்கத்து மருந்துக்கடையில வேலை பார்த்தவர் மேல மனசு. அம்மாகிட்ட வாயைத் திறக்கப் பயம். அப்பாவைக் கடையிலயே போய்ப் பிடிச்சு, அழுது தீர்த்துட்டேன்.

அப்பா கையில இருந்த லென்ஸைத் துடைச்சுக்கிட்டே கேட்டார்.

"பையன் படிப்பு எப்படி?"

"பரீட்சையில ரெண்டு தடவை கோட்டை விட்டுட்டார்ப்பா. அப்புறம்தான் பாஸ்."

"அப்ப வீட்டுல என்ன சுமை?"

"அவங்கப்பா படுத்த படுக்கை. ரெண்டு தங்கச்சிங்க. எல்லாரையும் இவர்தான்..."

"ம்"முன்னார். "கண்ணைத் துடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போ." அவ்வளவுதான் பேச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழட்டறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டார்.

"இந்தா, உன் நாத்தனார் கொண்டு வந்த வரனை மட்டும் விட்டுடாதே! என்ன வம்சம், என்ன மிடுக்கு! இதுவரைக்கும் ஓடின ஓட்டம் அத்தனையிலயும் முதல். கண்ணை மூடிக்கிட்டுக் கட்டலாம்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெத்த அப்பாவே இப்படிக் கழுத்தை அறுப்பாரா? கதவுக்குப் பின்னாடி நின்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

அம்மா வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா. நிமிர்ந்துகூடப் பார்க்கலை.

"அவ்வளவு உசத்தியா?"

"நான் பார்த்ததுலயே இதான் உசத்தி."

"அப்ப வேண்டாம்"னு ஒரே போடா போட்டா அம்மா.

அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டார். "இதை விட்டா வேற யாரு இருக்கா? எங்க கடைக்குப் பக்கத்து மருந்துக்கடைப் பையன் ஒருத்தன் இவளைக் கேட்டுக்கிட்டிருக்கான். அவனெல்லாம் ஒரு ஆளா? தேறவே மாட்டான், எழுதி வச்சுக்கோ."

"ஞாயித்துக்கிழமை அவனை வரச் சொல்லுங்க."

"உன் இஷ்டம். பின்னாடி என்னைக் குத்தம் சொல்லாதே."

முணுமுணுத்துக்கிட்டே என்னைத் தாண்டிப் போனவர், போற போக்குல ஒரு கண்ணைச் சிமிட்டினார் பாருங்க! அப்பதான் என் மரமண்டையில ஏறுச்சு. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

எங்க கல்யாணத்துக்கு அப்புறமும் அப்பா ரேஸுல தோத்துக்கிட்டேதான் இருந்தார். ஆனா பழைய தொங்கின மூஞ்சி இல்லை. நானும் இவரும் வீட்டுக்குப் போறப்பல்லாம், என் காதுகிட்ட குனிஞ்சு ஆரம்பிச்சுடுவார்.

"உங்கம்மாவோட ஃபார்மை வருஷக்கணக்காப் படிச்சவன் நான். எப்ப எந்தப் பக்கம் திரும்புவான்னு எனக்குத் தெரியாதா? கட்டினேன் பாரு, ஒரே கட்டு!"

சொல்லிட்டு மீசையை முறுக்கிக்குவார். அடுப்படியில இருக்கிற அம்மா காதுல விழுந்துடப் போகுதேன்னு நான் அவர் வாயைப் பொத்துவேன்.

இப்ப அப்பா இல்லை. போன மாசம் அம்மாவும் நானும் துணி மடிச்சுக்கிட்டிருந்தோம். அவர் பேச்சு வந்தது. இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுதுன்னு, அன்னிக்கு அப்பா அவளை ஏமாத்தின கதையைச் சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

அம்மா மடிக்கிறதை நிறுத்தவே இல்லை.

"தலைவலி தலைவலின்னு அந்தக் கடையில மாத்திரையா வாங்கிக் குவிச்சே. ஒண்ணையாவது முழுங்கினியாடி? உங்க அத்தை வர்றதுக்கு முன்னாடியே நான் போய் மாப்பிள்ளையைப் பார்த்துட்டேன். குடும்பத்தையும் விசாரிச்சுட்டேன். அன்னிக்கு உங்கப்பா வந்ததும் இந்தப் பையனையே முடிச்சுடலாம்னு சொல்லத்தான் உட்கார்ந்திருந்தேன்."

"அப்ப அதைச் சொல்ல வேண்டியதுதானே? எதுக்கும்மா ஏமாந்த மாதிரி நடிச்சே?"

"வாசல்ல நுழையறப்பவே அந்த மூஞ்சியைப் பார்த்தேனே, என்னமோ திட்டம் போட்டுக்கிட்டு வர்றார்னு தெரிஞ்சு போச்சு. பாவம்டி. ஆயுசு பூரா தோத்துக்கிட்டே இருந்த மனுஷன்... என்கிட்டயாவது ஒரு தடவை ஜெயிக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."