அவரவர் இஷ்டம்

"அந்தச் சம்பந்தம் வேணாம் சிந்து." பாகூரில் இருக்கும் தன் கடையைச் சாத்திவிட்டு வந்த அரிகரன் அலுப்போடு உட்கார்ந்தார்.

"என் வாழ்க்கை என் இஷ்டம்னு நீதானப்பா சொல்லி வளத்த? இப்ப இன்னாத்துக்கு சாதியப் பேசுற?"

மனைவி செல்வகுமாரி குறுக்கிட்டாள். "விடுங்க, ஆசைப்பட்டவனையே கட்டிக்கட்டும்."

"அம்மாவே ஒத்துக்கிச்சு. மாப்ள வூட்டுக்காரங்க உன் சாதிதானேப்பா! அம்மா வேற சாதிங்கறதால மணவறைக்கு மட்டும் வர வேணாங்கறாங்க. ஒரு நாள்தானே?"

ஊரையே எதிர்த்துச் செல்வகுமாரியைக் கைப்பிடித்தவர் அரிகரன்.

"உன் இஷ்டப்படியே கட்டிக்கம்மா. நான் தடுக்கல. ஆனா உன்னைத் தாரை வாத்துக் குடுக்க வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லு. அன்னிக்கு நான் உங்கம்மாவோட வூட்லயே இருந்துக்கறேன்."