அப்பாவுக்குப் போட்ட மதிப்பெண்

கல்லூரி கேன்டீனின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே அமீரகத்து ராஸ் அல் கைமாவின் வெயில் வெள்ளையாக நிற்கிறது. ஏசி ஓடியும் அக்ஸாவின் கையில் போன் வியர்வையில் வழுக்குகிறது. ஆசிரியர்களைப் பற்றிய கருத்துப் படிவத்தை நிரப்பினால்தான் மார்க் திறக்கும். மார்க் தெரிந்தால்தான் இரண்டு மணிக்குள் ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்க முடியும். மணி ஒன்று ஐம்பது. கடைசிப் பாடத்தின் தலைப்பில் 'ஆசிரியர்: ஞானசிங்' என்று இருக்கிறது. அவளுடைய அப்பா, வகுப்பில் மட்டும் சார். பரீட்சைக்கு முந்தைய வாரம் இறந்துபோனார். "எல்லாத்துக்கும் அஞ்சைத் தட்டிட்டுப் போயேன்டி. நான் கேள்வியக்கூடப் படிக்கல," என்கிறாள் எதிரே இருக்கும் ஹிஃப்ஸா, டீ கப்பின் விளிம்பை நகத்தால் கிள்ளிக்கொண்டே. அக்ஸா தட்டுகிறாள். நேரத்துக்கு வந்தாரா, ஐந்து. தெளிவாக நடத்தினாரா, ஐந்து. வகுப்புக்கு வெளியிலும் சந்தேகம் கேட்க முடிந்ததா? விரல் ஐந்துக்கும் ஒன்றுக்கும் நடுவே அலைகிறது. "யல்லா, சீக்கிரம்! அஞ்சு நிமிஷந்தான் இருக்கு!" என்று ஹிஃப்ஸா அவசரப்படுத்துகிறாள். அக்ஸா ஒன்றைத் தட்டி அனுப்பிவிடுகிறாள். "அடிப்பாவி, உங்க வாப்பாவுக்கா?" திரையில் மார்க்குகள் வரிசையாக இறங்குகின்றன. அவற்றைப் பார்க்காமல் அக்ஸா போனைத் தோழியின் பக்கம் தள்ளுகிறாள். "அப்பான்னு பாத்துப் போடாதன்னு அவருதான் சொல்லியிருக்காரு. வீட்ல ஒரு டவுட் கேட்டா, மத்த பிள்ளைங்களுக்கு இல்லாதது உனக்கு மட்டும் எதுக்கு, நாளைக்கு கிளாஸ்ல கேளுன்னுட்டு மீன் பொரிக்கப் போயிருவாரு."