நாற்பத்திரண்டாம் நம்பர்

மாலைக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான பேராசிரியர், தலை நிமிராமல் அட்டென்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

“நாப்பத்தொண்ணு?”

“பிரசன்ட் சார்.”

“நாப்பத்திரண்டு?”

“பிரசன்ட் சார்!” அதே குரல்தான், கொஞ்சம் கட்டையாக வந்தது.

பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். இரண்டாவது பெஞ்சில் இருந்த பெண் திருதிருவென்று விழித்தாள்.

“யாருக்கும்மா ப்ராக்ஸி?”

“இன்னும் ஒரு நாள் ஆப்சென்ட் ஆனா அவரைப் பரீட்சை எழுத விடமாட்டாங்க சார். போன வருஷமே இப்படித்தான் கோட்டை விட்டாரு. இந்தத் தடவையும் போச்சுன்னா இனிமே படிக்கவே மாட்டேன்னு சொல்லிட்டாரு.”

‘அவரை’, ‘சொல்லிட்டாரு’. பேராசிரியருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த வயசில் இவ்வளவு மரியாதை வேறு எதற்கு வரும்?

“படிக்க வந்த இடத்துல இதெல்லாம் தேவையா? நாளைக்கு உங்கப்பாவோட வந்தாத்தான் உனக்குக் க்ளாஸ்.”

பின் பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

அவள் எழுந்து நின்றாள்.

“நாளைக்கு எதுக்கு சார், இப்பவே கூட்டிட்டு வரேன். நாப்பத்திரண்டு அவருதான். அசைன்மென்ட் எழுதலன்னு உங்களுக்குப் பயந்துக்கிட்டு கேன்டீன்ல உக்காந்திருக்காரு.”